திரையில் நிற்கும் பழைய கணக்கு: டேட்டா பைண்டிங் ஏன் மௌனமாகிறது?

எக்ஸெல் பயன்படுத்தும் வாசகர்களில் பலர் இதைச் சந்தித்திருப்பீர்கள். ஒரு செல்லில் எண்ணை மாற்றுகிறீர்கள். கீழே இருக்கும் கூட்டுத்தொகை அசையாமல் நிற்கிறது. ஃபார்முலாவைப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. காரணம் பெரும்பாலும் சின்ன விஷயம்தான். ஃபார்முலாஸ் டேபில் உள்ள கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் என்பது மேனுவலாக மாறியிருக்கும். யாரோ மேனுவலில் சேமித்து அனுப்பிய ஃபைலை அன்று முதலாவதாகத் திறந்திருந்தால், பிறகு திறக்கும் உங்கள் ஃபைல்களும் அதே நிலையில்தான் இயங்கும். எஃப்9 கீயை அழுத்தினால் கணக்கு சரியாகிவிடும். மறுபடியும் ஆட்டோமேட்டிக் என்று மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

நாமே எழுதும் டெஸ்க்டாப் புரோகிராம்களில் இதே நோய் வந்தால் எஃப்9 போல ஒரு மருந்து கிடையாது. உள்ளே டேட்டா மாறிவிடும், திரை மட்டும் மாறாது. எரர் மெசேஜ் எதுவும் வராது. டபிள்யூபிஎஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷனில் இது அடிக்கடி நடக்கும். 2006 நவம்பரில் டாட்நெட் 3.0-வுடன் வெளியான இந்தத் தொழில்நுட்பத்தின் சோர்ஸ் கோடை 2018 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் திறந்துவிட்டது. கடை, கிளினிக், சங்கம் என்று நம் ஊர்ப் பக்கத்தில் பல இடங்களில் இதில் எழுதிய புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதிக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு புரோகிராமை எங்கள் ஊரில் பார்த்தேன். என் சொந்த ஊர் முக்கூடல். திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. தமிழ் படித்தவர்கள் உடனே முக்கூடற்பள்ளு என்பார்கள். அந்த முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம் உள்ளது. எங்கள் முக்கூடலுக்குப் பெயர் வாங்கித் தந்தது பீடி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள், இலையையும் தூளையும் பீடிக்கடையில் எடை போட்டு வாங்கிப் போவார்கள். சுற்றிய பீடியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலைக்கும் திரும்பி வந்த பீடிக்கும் இடையே கணக்கு உதைத்தால், குறைந்த இலைக்கான பணம் கூலியில் பிடிக்கப்படும். வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர்களுக்கும் சேமநல நிதி உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, கடைக் கணக்கில் ஏறும் ஒவ்வொரு எண்ணும் இன்றைய கூலியோடு நிற்பதில்லை, வயதான காலத்துப் பணம் வரைக்கும் போகிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு கடையின் கணக்கர் என்னை அழைத்தார். "தம்பி, இலை கொடுத்து சேவ் பண்ணினா பாக்கி மாறவே மாட்டேங்கி. பழைய கணக்குதான் நிக்கி. மூடித் தொறந்தாத்தான் சரியாவுது" என்றார்.

பக்கத்தில் ஓர் அக்கா பாஸ்புக்கோடு நின்றுகொண்டிருந்தார். பாஸ்புக்கில் ஒரு நாளுக்கு ஒரே பற்றுதான் எழுதியிருக்கிறது, கம்ப்யூட்டர் தாளில் அதே நாளுக்கு இரண்டு பற்று விழுந்திருக்கிறது என்பது அவருடைய முறையீடு. "நான் வாங்காத எலைக்கு நான் எப்படி அண்ணாச்சி ரூவா கொடுக்க?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி.

இரண்டு புகாரும் ஒன்றுதான் என்பது சற்று யோசித்தால் புரியும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு 500 கிராம் இலை பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கர் 700 கிராம் கொடுத்துவிட்டு சேவ் பட்டனை அழுத்துகிறார். திரையில் 1,200 வர வேண்டும். 500 என்றே நிற்கிறது. எதிரே பெரிய வரிசை. சேவ் ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை அழுத்துகிறார். அப்போதும் 500-தான். உள்ளே உண்மையான பாக்கி 1,900 ஆகிவிட்டது. மறுநாள் திறக்கும்போது 1,900 என்று காட்டும். அதைச் சந்தேகப்பட அப்போது யாருக்கும் காரணம் இல்லை. வராத 700 கிராம் ஒரு பெண்ணின் தலையில் விழுந்துவிட்டது. திரை பொய் சொன்னதால் டேட்டாவும் பொய்யாகிவிட்டது. அதனால்தான் இந்தப் பிழையை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

தண்டோரா போட்டால்தான் தெரியும்

டேட்டா பைண்டிங் என்பது என்ன? ஒரு கிளாஸில் உள்ள ப்ராப்பர்ட்டியையும் திரையில் உள்ள ஒரு கட்டுப்பாட்டையும், அதாவது லேபிள், டெக்ஸ்ட்பாக்ஸ் போன்றவற்றை, முடிச்சுப் போட்டு வைப்பது. டேட்டா மாறினால் திரை தானாக மாறும் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். இந்த "தானாக" என்ற வார்த்தையில்தான் வம்பு. திரை ஒவ்வொரு நொடியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு முறை மதிப்பை வாங்கி எழுதிவிட்டுக் காத்திருக்கும். மாறிவிட்டது என்று யாராவது தண்டோரா போட்டால்தான் மறுபடி போய்க் கேட்கும். அந்தத் தண்டோராவுக்கான ஏற்பாடு ஐநோட்டிஃபைப்ராப்பர்ட்டிசேஞ்ச்டு என்ற இன்டர்ஃபேஸ். அதில் ப்ராப்பர்ட்டிசேஞ்ச்டு என்று ஒரே ஒரு இவென்ட் உண்டு. எந்த ப்ராப்பர்ட்டி மாறியது என்று பெயர் சொல்லி அந்த இவென்ட்டை எழுப்ப வேண்டியது நம் வேலை.

ஆகவே திரை மாறவில்லை என்றால் செய்தி எங்கே அறுந்தது என்று தேட வேண்டும். டேட்டா உண்மையிலேயே மாறியதா? மாறியதை அறிவித்தார்களா? சரியான பெயரில் அறிவித்தார்களா? திரை காது கொடுத்துக் கேட்பது அதே ஆப்ஜெக்ட்டைத்தானா? இந்த வரிசையில் போனால் நேரம் மிச்சமாகும். எடுத்த எடுப்பிலேயே திரையைக் கட்டாயப்படுத்தி வரையச் சொல்லும் கட்டளைகளைத் தேடுவது வீண் வேலை. திரை சரியாகத்தான் வரைகிறது. அதனிடம் இருப்பதே பழைய எண்.

முதல் கேள்விக்கு டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். இரண்டு பற்றும் இருந்தன. சேமிப்பதில் கோளாறு இல்லை.

அடுத்து விசுவல் ஸ்டூடியோவில் எஃப்5 அழுத்தி ஓட்டி, அவுட்புட் விண்டோவைப் பார்த்தேன். பைண்டிங் செய்யும்போது ப்ராப்பர்ட்டியின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், ப்ராப்பர்ட்டிக்குப் பதிலாக வெறும் ஃபீல்டு எழுதியிருந்தாலும், "சிஸ்டம்.விண்டோஸ்.டேட்டா எரர்: 40" என்று ஆரம்பிக்கும் ஒரு நீண்ட வரி அங்கே வரும். எந்தப் பெயரைத் தேடினேன், எந்த கிளாஸில் தேடினேன், கிடைக்கவில்லை என்று அது விவரமாகச் சொல்லும். படிக்கப் பொறுமை இருந்தால் பாதிப் பிரச்சினைகள் இங்கேயே தீர்ந்துவிடும். டீபகரில் ஓட்டும்போதுதான் இந்த வரி தெரியும், இஎக்ஸ்இ ஃபைலை டபுள் கிளிக் செய்து ஓட்டினால் தெரியாது என்பதை நினைவில் கொள்ளவும். டீபகிங் ஆப்ஷன்களில் டபிள்யூபிஎஃப் டிரேஸ் செட்டிங்ஸ் என்ற பகுதியில் டேட்டா பைண்டிங் என்பது ஆஃப் ஆக இருந்தாலும் வராது. விசுவல் ஸ்டூடியோ 2019-ன் பிந்தைய அப்டேட்களில் தொடங்கி, இந்தப் பிழைகளுக்கென்றே எக்ஸாமல் பைண்டிங் ஃபெயிலியர்ஸ் என்று தனி விண்டோ வந்துவிட்டது.

அங்கேயும் ஒன்றுமில்லை. பெயர் சரி, கிளாஸ் சரி, இன்டர்ஃபேஸும் எழுதப்பட்டிருந்தது. புதிதாகப் பைண்டிங் கற்றவர்கள் இந்த இடத்தில்தான் குழம்பி நிற்பார்கள்.

பாக்கிக்கு வாய் இல்லை

அந்த கிளாஸில் இருந்த ப்ராப்பர்ட்டிகளின் பெயர்களை இங்கே தமிழிலேயே தருகிறேன். கொடுத்தது, திரும்பியது, பாக்கி என்று மூன்று. தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்தாலும் சி ஷார்ப் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. கொடுத்தது, திரும்பியது இரண்டுக்கும் செட்டர் உண்டு. மதிப்பு மாறும்போது செட்டருக்குள்ளிருந்து தண்டோரா போடப்படுகிறது. பாக்கி என்பதற்கு கெட்டர் மட்டும்தான். கொடுத்ததில் இருந்து திரும்பியதைக் கழித்துத் தருவது அதன் வேலை. திரையில் இருந்ததோ பாக்கி மட்டும். மற்ற இரண்டும் அந்தத் திரையில் இல்லவே இல்லை.

கொடுத்தது என்பதன் செட்டரில் ஒரு பிரேக்பாயிண்ட், பாக்கியின் கெட்டரில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்துவிட்டு சேவ் அழுத்தினேன். முதலாவது நின்றது. இரண்டாவது நிற்கவே இல்லை. விஷயம் வெளிச்சமாகிவிட்டது. கொடுத்தது மாறியது என்று அறிவிப்பு போகிறது. அதைக் கேட்க அந்தத் திரையில் யாரும் இல்லை. பாக்கி மாறியது என்று யாருமே அறிவிக்கவில்லை. ஆகவே திரை பாக்கியைத் திரும்பக் கேட்கவும் இல்லை. விதிகளின்படி எந்தத் தவறும் நடக்கவில்லை, அதனால்தான் அவுட்புட் விண்டோவும் மௌனம்.

எக்ஸெலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஒரு செல்லில் ஏ1-ல் இருந்து பி1-ஐக் கழி என்று ஃபார்முலா எழுதினால், இந்த செல் எந்தெந்த செல்களை நம்பியிருக்கிறது என்று எக்ஸெல் குறித்து வைத்துக்கொள்கிறது. ஏ1 மாறினால் யாரைத் திருத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும். சி ஷார்ப் கிளாஸில் அப்படிக் குறிப்பேடு கிடையாது. கெட்டருக்குள் நாம் என்ன கழிக்கிறோம், எதைப் பெருக்குகிறோம் என்று பைண்டிங் எட்டிப் பார்ப்பதில்லை. பாக்கி எதை நம்பியிருக்கிறது என்ற உண்மை புரோகிராமரின் மண்டையில் மட்டும்தான் இருக்கும். அவர் ஊரை விட்டுப் போனால் அதுவும் போய்விடும்.

திருத்தம் இரண்டே வரி. கொடுத்தது, திரும்பியது ஆகியவற்றின் செட்டர்கள் ஒவ்வொன்றிலும், தன் பெயரை அறிவித்த பிறகு பாக்கியின் பெயரையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். பெயரை மேற்கோள் குறிக்குள் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். பின்னாளில் ப்ராப்பர்ட்டியின் பெயரை மாற்றும்போது மேற்கோளுக்குள் இருப்பது பழைய பெயராகவே நின்றுவிடும். 2015-ல் வந்த சி ஷார்ப் 6-ல் உள்ள நேம்ஆஃப் என்பதைப் பயன்படுத்தினால், பெயர் பொருந்தாதபோது கம்பைலரே தடுத்துவிடும். பெயருக்குப் பதில் வெறும் காலி ஸ்டிரிங்கை அனுப்பினால் எல்லா ப்ராப்பர்ட்டியும் மாறியதாகப் பொருள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் எது எதை நம்பியிருக்கிறது என்பதை எழுத்தில் வைப்பதையே நான் விரும்புவேன். அடுத்து வருபவர் படிப்பார் அல்லவா? மைக்ரோசாஃப்ட்டின் கம்யூனிட்டி டூல்கிட்டில் நோட்டிஃபைப்ராப்பர்ட்டிசேஞ்ச்டுஃபார் என்ற அட்ரிப்யூட் இதையே ஒரு வரியில் செய்து தருகிறது.

இந்தப் புரோகிராமில் முன்பே ஒருவர் கை வைத்திருந்தார். ஒரு டைமர் போட்டு, சில நொடிகளுக்கு ஒரு முறை திரையின் டேட்டாகான்டெக்ஸ்ட்டைக் காலி செய்து மீண்டும் பொருத்தும்படி எழுதி, பிறகு அதை நிறுத்தியும் வைத்திருந்தார். ஏன் நிறுத்தினார் என்பதை ஊகிக்கலாம். கணக்கர் எண்ணைப் பாதி தட்டும்போது திரை புதுப்பிக்கப்பட்டு, தட்டியது காணாமல் போயிருக்கும். இது வைத்தியம் அல்ல, வலி மாத்திரை.

பட்டியல் வேறு, தராசு வேறு

பாக்கி சரியான பிறகு, இன்றைய வரவு என்ற பட்டியலில் புதிய வரி சேரவில்லை என்பது தெரிந்தது. இதற்குக் காரணம் வேறு. பட்டியல் சாதாரண லிஸ்ட் வகையில் இருந்தது. லிஸ்ட்டுக்குத் தண்டோரா போடத் தெரியாது. அப்சர்வபிள்கலெக்‌ஷன் என்ற வகைக்கு மாற்றினால் வரி சேருவதையும் நீங்குவதையும் அது அறிவிக்கும். ஆனால் ஏற்கெனவே உள்ள ஒரு வரிக்குள் ஓர் எண் மாறினால் அது வாய் திறக்காது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய பையன் சேர்ந்தால் பெயர் ஏறும், அவன் உயரம் வளர்ந்தால் பதிவேட்டுக்குத் தெரியாது. வரிக்குள் மாறுவதை அந்த வரியின் கிளாஸ்தான் அறிவிக்க வேண்டும். இன்னொன்று: ஒவ்வொரு முறையும் புதிய கலெக்‌ஷன் ஒன்றை உருவாக்கி ப்ராப்பர்ட்டியில் வைத்தால், அந்த ப்ராப்பர்ட்டி மாறியதையும் அறிவிக்க வேண்டும். இல்லையேல் திரை பழைய பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கும். பழையதைக் காலி செய்து அதிலேயே நிரப்புவது எளிது.

இலை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசை சீரியல் போர்ட் வழியாக இணைக்கும் கடைகளுக்கு ஓர் எச்சரிக்கை. தராசிலிருந்து எடை வரும் இவென்ட், திரையின் திரெட்டில் ஓடாது, வேறொரு திரெட்டில் ஓடும். தனி ப்ராப்பர்ட்டியின் அறிவிப்பு எந்தத் திரெட்டிலிருந்து வந்தாலும் டபிள்யூபிஎஃப் சமாளித்துக்கொள்ளும். கலெக்‌ஷனில் வரி சேர்த்தால் மட்டும் எக்செப்ஷன் எறியும். அந்த எக்செப்ஷனை விழுங்கும் காலி கேட்ச் பிளாக் ஒன்று எங்காவது இருந்தால், எடை வந்தும் பட்டியல் மாறாது, ஏன் என்றும் தெரியாது. டிஸ்பேச்சர் மூலம் திரையின் திரெட்டுக்கு வேலையை அனுப்பிச் சேர்க்க வேண்டும். டாட்நெட் 4.5 முதல் எனேபிள்கலெக்‌ஷன்சிங்க்ரனைசேஷன் என்ற வழியும் இருக்கிறது.

திரை புதிது, டேட்டா பழையது

இதுவரை பார்த்தது டேட்டாவிலிருந்து திரைக்கு வரும் பாதை. எதிர்ப் பாதையில் ஒரு பள்ளம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும்.

டெக்ஸ்ட்பாக்ஸில் தட்டுவது எழுத்துக்கு எழுத்து உடனே டேட்டாவுக்குப் போவதில்லை. அந்தப் பெட்டியை விட்டு ஃபோகஸ் விலகும்போதுதான் போகும். டபிள்யூபிஎஃப்பில் டெக்ஸ்ட்பாக்ஸின் இயல்பான அமைப்பு இதுதான். சாதாரண சேவ் பட்டனை மவுசால் கிளிக் செய்தால் ஃபோகஸ் பட்டனுக்குப் போகிறது, டேட்டாவும் போய்ச் சேருகிறது. ஆனால் சேவ் பட்டன் டூல்பாரில் இருந்தாலோ, கன்ட்ரோல் எஸ் போன்ற ஷார்ட்கட் கீயை அழுத்தினாலோ, டெக்ஸ்ட்பாக்ஸ் தன் ஃபோகஸை இழந்ததாகக் கணக்காவதில்லை. டூல்பாருக்குத் தனி ஃபோகஸ் எல்லை உண்டு. விளைவு, கடைசியாகத் தட்டிய எண் திரையில் இருக்கும், டேட்டாபேஸில் அதற்கு முந்தைய எண் ஏறும். கடைசிப் பெட்டி எது? பெரும்பாலும் எடையோ பீடி எண்ணிக்கையோதான்.

பைண்டிங்கில் அப்டேட்சோர்ஸ்டிரிகர் என்பதை ப்ராப்பர்ட்டிசேஞ்ச்டு என்று வைத்தால் ஒவ்வொரு எழுத்தும் உடனே போய்விடும். இதிலும் ஒரு சிக்கல். டாட்நெட் 4.5 முதல், தசம எண்ணோடு இப்படிப் பைண்ட் செய்தால் 1.250 என்று தட்டும்போது புள்ளியை வைக்க விடாது. வைத்த புள்ளி மறைந்துவிடும். கிராமில் முழு எண்ணாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. கிலோவில்தான் வேண்டும் என்றால், டிரிகரை மாற்றாமல் விட்டுவிட்டு, சேவ் கட்டளையின் முதல் வரியிலேயே அந்தப் பெட்டியின் பைண்டிங் எக்ஸ்பிரஷனை எடுத்து அப்டேட்சோர்ஸ் என்று அழைத்துவிடுங்கள்.

வேறு சில காரணங்களையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஒருவழிப் பைண்டிங் உள்ள லேபிளுக்குக் கோடில் எங்காவது நேரடியாக ஒரு மதிப்பைக் கொடுத்தால் பைண்டிங் அந்த நிமிடமே அறுந்துவிடும். பைண்டிங்கின் மோட் ஒன்டைம் என்று இருந்தால் முதல் முறைக்குப் பிறகு மாறாது. யூடபிள்யூபியிலும் வின்யூஐயிலும் எக்ஸ் பைண்ட் பயன்படுத்துபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும், அங்கே இயல்பான மோடே ஒன்டைம்தான். எல்லாம் சரியாக இருந்தும் மாறவில்லை என்றால், நீங்கள் மாற்றும் ஆப்ஜெக்ட்டும் திரை பார்க்கும் ஆப்ஜெக்ட்டும் ஒன்றுதானா என்று சந்தேகப்படுங்கள். டீபகரில் மேக் ஆப்ஜெக்ட் ஐடி என்ற வசதி இதற்குக் கைகொடுக்கும். அதிலும் பிடிபடாவிட்டால் அந்த ஒரு பைண்டிங்கில் மட்டும் பிரசன்டேஷன்டிரேஸ்சோர்சஸ் என்பதன் டிரேஸ்லெவலை ஹை என்று வையுங்கள். எப்போது மதிப்பைக் கேட்டது, என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு அடியையும் அவுட்புட் விண்டோவில் எழுதிக்காட்டும்.

முக்கூடல் கடையில் கோடைத் திருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நேரம் பிடித்தது பழைய பற்றுகளைச் சரிபார்க்கத்தான். ஒரே நாளில், ஒரே நபருக்கு, ஒரே எடையில், ஒரு நிமிடத்துக்குள் விழுந்த இரட்டைப் பற்றுகளை மட்டும் ஒரு குவெரி எழுதி எடுத்துக் கொடுத்தேன். கணக்கர் ஒவ்வொருவரின் பாஸ்புக்கையும் வாங்கி வைத்து ஒப்பிட்டார். இரட்டையாகத் தெரிந்த சில உண்மையிலேயே இரண்டு முறை வாங்கியவை. அவற்றைப் பாஸ்புக்தான் பிரித்துக் காட்டியது. மற்றவற்றுக்கு எதிர்ப்பதிவு போட்டு, பிடித்த பணத்தை அடுத்த கூலியில் சேர்த்துக் கொடுத்தார்கள். முறையிட்ட அக்காவின் கணக்கும் அதில் சரியானது.

கூடுதலாக இரண்டு மாற்றங்கள் செய்தேன். சேவ் அழுத்தியவுடன் பட்டன் செயலிழந்து, அடுத்த நபரின் கணக்கைத் திறக்கும்போதுதான் மீண்டும் உயிர் பெறும். ஒவ்வொரு பற்றுக்கும் திரை திறக்கும்போதே ஒரு தனி எண் ஒதுக்கப்படுகிறது. அதே எண்ணோடு இரண்டாவது பற்று வந்தால் டேட்டாபேஸ் ஏற்காது.